மதகின் சாவியும் கணக்கின் சாவியும்

பாகூர் ஏரியின் மதகை நினைத்தவரெல்லாம் திறந்தால் கடைமடை வயல் காய்ந்துபோகும் என்பதை நாம் அறிவோம். பஞ்சாயத்துக் கணக்குகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

ஆவணங்களைத் தொலைவிலுள்ள கணினி நிலையங்களில் வைத்து, வேண்டிய இடத்திலிருந்து பயன்படுத்துவதே மேகக் கணிமை. மத்திய அரசாங்கத்தின் ‘மேகராஜ்’ திட்டம் இவ்வகையினது. 2020 ஏப்ரல் 24-இல் பஞ்சாயத்துகளுக்கென ‘இ-கிராம் ஸ்வராஜ்’ இணையதளம் தொடங்கப்பெற்றது. அதில் பணம் வழங்கும் ஆணையை ஒருவர் தயாரிக்க, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவர்.

இத்தகைய காவலுக்கு விதிகள் வேண்டும். யார், எந்த ஆவணத்தில், என்ன செய்யலாம் என்பவற்றை விதி கூறும். அனுமதி எழுதப்படாத செயல் மறுக்கப்படுவதே நல்ல விதிக்கு அடிப்படை. எழுத்தர் கணக்கைப் பதியலாம், பொதுமக்கள் பார்க்கலாம், திருத்துதல் இயலாது.

வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் ஆகிய ஐந்து கொம்யூன்களுக்கும் விதிகளைத் தனித்தனியே கையால் எழுதினால் எங்கேனும் பிழை நேரும். மாதிரி விதியொன்றை நிரலாக எழுதிவிட்டால், கொம்யூன் பெயரையும் பதவியையும் மாற்றி நிரலே ஐந்தையும் உருவாக்கித் தரும். ஆனால் மாதிரியில் பிழையிருப்பின் ஐந்திலும் அது பரவும். ஆகையால் வேறொருவர் படித்துப் பார்த்து, சோதித்த பின்னரே அதனை நடைமுறைக்குக் கொணர்தல் வேண்டும்.

விதி எத்துணைச் சிறப்பாயினும், கடவுச்சொல்லையும் மின்னணுக் கையொப்பச் சாதனத்தையும் பிறரிடம் ஒப்படைத்தால் பயனில்லை. நம் பெயரால் பிறர் பணம் எடுப்பினும் பொறுப்பு நம்மையே சாரும். பதவி மாறியவரின் அனுமதியை அன்றே நீக்குவோம். மதகைக் காப்பதுபோல் கணக்கையும் காப்போமாக!