இன்சுலின் பம்ப் இருக்கும் வீட்டுக்கு

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை. இடுப்பில் பம்ப் ஏறி நாலு வருஷம் ஆகிறது. எத்தனை யூனிட் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. அதில் நான் தலையிடுவதில்லை. வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டவை மட்டும் இங்கே.

1. மருந்துக் கடையில் வயலைக் கையில் வாங்கியதும் 40 என்று போட்டிருக்கிறதா, 100 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் 40 யூனிட் வயல் இன்னமும் விற்கிறது. பம்ப் ஓடுவது மில்லிக்கு 100 யூனிட் கணக்கில். 40-ஐ நிரப்பினால் திரை 10 யூனிட் என்று காட்டும், உடம்புக்குள் போவது 4 தான். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். மருந்தின் பெயரும் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

2. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ரிசர்வாயரில் ஏற்றக் கூடாது. ஜில்லென்ற மருந்து சூடு ஏறும்போது குமிழி விடும். குழாயில் குமிழி போகிற நேரமெல்லாம் உடம்புக்கு மருந்து இல்லை. முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் வைத்து உறைந்துபோன வயலை, உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

3. இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை செட் மாற்ற வேண்டும். அதைக் காலையில் செய்யுங்கள். ராத்திரி மாற்றிவிட்டுப் படுத்தால், கேனுலா சரியாக இறங்காதது விடிந்த பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டில் வாரத்தில் ஒரு மாற்றத்தைச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். பழைய செட்டைக் கழற்றி, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்து, ஈரம் போகத் துடைத்துப் புது செட். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். எண்ணெய்ப் பிசுக்கோ பவுடரோ இருந்தால் டேப் ஒட்டாது. தொப்புளை ஒட்டிக் குத்த வேண்டாம். போன தடவை குத்திய இடமும் வேண்டாம்.

4. சுகர் ஏறினால் முதலில் சாப்பாட்டைத் திட்டாதீர்கள், சட்டையைத் தூக்கிப் பாருங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தீபாவளி ஆயிற்று. 280 காட்டியது. அதிரசம்தான் காரணம் என்று பம்ப் வழியாகவே திரும்பத் திரும்பக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் கழித்து வாந்தி. டேப்பின் ஓரம் கிளம்பி, பாவாடை நனைந்து, ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. அத்தனையும் துணி குடித்திருக்கிறது!

குழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் கத்தும். தோலுக்கு வெளியே ஒழுகினால் கத்தாது, அதற்குத் தெரியாது. பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டுமே. பேனாவில் போடும் நீண்ட நேர இன்சுலின் போல உடம்பில் இருப்பு கிடையாது. வரத்து நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும். இப்போது எங்கள் வழக்கம்: 250-க்கு மேல் போனால் பம்பில் ஒரே ஒரு முறை. இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கவில்லையா, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு வேகமான இன்சுலின், பேனாவில். பிறகு புது செட், கீட்டோன் சோதனை. கீட்டோன் இருந்தாலோ வாந்தி எடுத்தாலோ நேரே ஆஸ்பத்திரி.

5. ஆகவே பேனாவும் ஊசியும் நீண்ட நேர இன்சுலினும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பம்பில் பதிந்திருக்கும் அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பம்ப் படுத்துவிட்டால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். எங்களுடையது காலண்டர் அட்டைக்குப் பின்னால்.

6. பேட்டரி மாற்றியதும் கடிகாரத்தைப் பாருங்கள். பகல் ராத்திரி மாறிவிட்டால் மருந்தளவும் மாறிவிடும்.

7. மாம்பழம் நறுக்கிய கையோடு விரலில் குத்தினால் மீட்டர் பொய் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோதனை.

8. நெய் வழியும் பொங்கலும் பூரியும் சுகரை நிதானமாகத்தான் ஏற்றும். போலஸ் முழுவதையும் ஒரே மூச்சில் கொடுத்தால் முதலில் லோ ஆகி, பிறகு எகிறும். பல பம்புகளில் பாதியை இப்போதும் மீதியைச் சில மணி நேரத்தில் மெல்லவும் விடும் வசதி உண்டு. எப்படிப் பிரிப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் ஒரு சின்னத் தராசு வாங்கி வைத்தால் "ரெண்டு கரண்டி" என்கிற குத்துமதிப்பு ஒழியும்.

9. 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பம்பைக் கழற்றிவிட்டு 108. கழற்றும் விதம் பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் மாமியார் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்; என் கணவருக்கு ஒரு மாதம்.

10. குழாய் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுபடும். பழைய வேட்டித் துணியில் சின்னப் பை தைத்துப் பாவாடையின் உள்பக்கம் வைத்துவிடுங்கள்.

11. எம்.ஆர்.ஐ. அறைக்குள் பம்ப் போகவே கூடாது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்கும் கழற்றிவிடுங்கள்.

12. கழற்றிய ஊசிகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள், தெருவில் குப்பை எடுக்கிறவர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் மூடியில் டேப் சுற்றி, அடுத்த முறை போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுகிறோம்.