பல்லவி யாருக்கு?

கிண்டி தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகம். ஆண்டு விழாவுக்கு இன்னும் பத்து நாள். கேன்டீன் மூலையில் ஆறு பாடகர்கள், ஒரு கீபோர்டு. அதை வாசிக்கிற நண்பர் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். போன வருடம் விழா முடிந்து கிண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறும்வரை, "அந்தப் பொண்ணுக்கு நாலே வரிதான் குடுத்தாங்க" என்று சக ஊழியர்கள் சண்டை போட்டார்களாம். அதனால் இந்த முறை ஹெச்.ஆர். எக்செல் போட்டுவிட்டார். ஆளுக்கு எட்டு வரி, ரேஷன் கடையில் அரிசி அளக்கிற மாதிரி.

பாட்டு ஒன்றரைக் கட்டையில், ஆண் குரலுக்காக வைத்தது. அந்தப் பெண்ணின் சுருதி ஐந்தரை. அவருக்கு விழுந்த எட்டு வரியும் சரணத்தில் மேலே மேலே ஏறுகிற இடம். மேல் ஸ்தாயியில் பாடினால் கிறீச்சிட்டது. ஒரு ஸ்தாயி இறக்கினால் மைக்கில் காற்றுதான் வந்தது. எக்செல் கணக்கில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது.

குழுவில் பாடப் போகிறவர்களே, ஆசையைச் சொல்வதற்கு முன் கட்டையைச் சொல்லுங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. நடுவில் அரை ஸ்தாயிக்கு மேல் தூரம். டூயட்டில் இருவரும் ஒரே சுருதியில் நின்றாக வேண்டும். யாராவது ஒருவருக்குத் தொண்டை கட்டத்தான் செய்யும். எந்த வரியில், யாருக்கு என்பதை ஒத்திகையிலேயே பேசிவிடுங்கள். நீங்கள் சிரமமில்லாமல் தொடுகிற அடி ஸ்வரம், உச்சி ஸ்வரம் இரண்டையும் கீபோர்டில் பார்த்து போனில் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஆள் அதிகமானால்? இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது 19 பேர். கானா, ராப், பறை, கிடார் எல்லாம் ஒரே மேடையில். ஒவ்வொரு பாட்டையும் பத்தொன்பதாகக் கூறு போட்டிருந்தால் ஒரு குரலும் மனதில் நின்றிருக்காது. ஒரு பாட்டை ஒருவர் முன்னின்று இழுப்பார், மற்றவர்கள் ஏந்திக்கொள்வார்கள். அடுத்த பாட்டில் முன்னால் நிற்பவர் வேறொருவர். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண்ணாக இருந்த கானா பாடகி இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆகவே பேரம் பேசினால் வரிக்காகப் பேசாதீர்கள், முழுதாக ஒரு பாட்டு கேளுங்கள்.

சேர்ந்திசை இதற்கு நேர் எதிர். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் வளர்த்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு போன்றவற்றில் நட்சத்திரப் பாடகருக்கு வேலையில்லை. பல குரல் அடுக்கிப் பாடும்போது ஆல்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல், பாடுகிறவர் பாடுதான் பாவம்: வீட்டில் தனியாகப் பாடிக் காட்டினால் அது என்ன பாட்டு என்று அம்மாவுக்கே தெரியாது. கைதட்டல் தனக்கே வரவேண்டும் என்று நினைப்பவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. ஆனால் இரண்டாம் குரலைப் பிசகாமல் பிடிக்கிறவர் கிடைப்பது குதிரைக்கொம்பு; அது தெரிந்தவருக்கு அழைப்பு ஓயாது.

சம்பளத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கோரஸுக்கு எவ்வளவு, தனிப்பாட்டுக்கு எவ்வளவு, ஒத்திகை நாளுக்கு உண்டா இல்லையா. இதில் கூச்சம் வேண்டாம். அதே சீனிவாசன்தான் சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர்களில் முன்னோடி.

கிண்டிக்கு வருகிறேன். நண்பர் எக்செல்லை மூடச் சொன்னார். பல்லவி அந்தப் பெண்ணின் குரலுக்கு வாகாக உட்கார்ந்தது. அது அவருக்குப் போனது. மூன்று வருடமாகப் பல்லவியைக் குத்தகை எடுத்திருந்தவர் முகம் சுளித்தபடி சரணத்துக்குப் போய், உச்சி ஸ்வரத்தில் கைதட்டலை அள்ளினார்.

இந்த வருடமும் ரயிலில் சண்டை நடந்ததாம். ஓரமாக நின்று ஹம்மிங் மட்டும் பாடிய பையனுக்கு ஏன் ஒரு பாட்டுகூடத் தரவில்லை என்று.