பெருவடிவக் கமராவை என்லார்ஜர் ஆக்குதல்: எந்த வழியைத் தெரிவது?

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒளிப்படக் கலையில் இறங்கும் இளைஞர் பலர் தமக்குரிய கருவியைத் தாமே தெரிவதில்லை. நண்பர் வட்டத்தில் அப்போது பரவியிருக்கும் மோகமோ, வாங்குவதென்றால் பெயர்பெற்ற கொம்பனியின் புதுச் சாமானையே வாங்க வேண்டும் என்னும் பெற்றோரின் வற்புறுத்தலோ அவர்களுக்காகத் தெரிந்துவிடுகிறது. 4×5 அங்குல நெகட்டிவ் எடுக்கும் பெருவடிவக் கமராவை எங்கேனும் தேடிப் பெற்றுவிட்ட மாணவர், அந்த நெகட்டிவின் உருவத்தை ஒளியால் பெரிதாக்கித் தாளில் விழுத்தும் என்லார்ஜரைத் தேடும் கட்டத்தில்தான் இத்தகைய தெரிவுகளால் அதிகம் இடறுகின்றார். அந்த அளவு நெகட்டிவுக்கான என்லார்ஜர் ஒரு மேசையை முழுதாக அடைத்துக்கொள்ளும் பாரமான கருவியாதலால், அதைக் கொழும்பிலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டித் தீபகற்பத்தின் குறிஞ்சிப்பிட்டி வரை கொண்டுவந்து சேர்ப்பதே தனிச் செலவாகிவிடும்.

எல்லோரும் அறிந்த வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெகட்டிவைத் தாளின்மேல் நேரடியாக வைத்து ஒளியூட்டும் தொடுபிரதி மலிவானது, பழகுவதற்கு நல்லது. ஆனால் படம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். பழைய டர்ஸ்ட், ஒமேகா, பெசலர் என்லார்ஜர் ஒன்று நியாய விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். நெகட்டிவை ஸ்கான் செய்து அச்சுப்பொறியில் எடுப்பது வேறு தொழில். இம்மூன்றும் கைகூடாதவர் எண்ணிப் பார்க்க வேண்டியது, கையிலுள்ள கமராவையே என்லார்ஜர் ஆக்குவதாகும்.

இது புது யோசனையன்று. துருத்தி, வில்லை, நெகட்டிவ் தாங்கும் பின்புறம் ஆகிய மூன்றும் கமராவுக்கும் என்லார்ஜருக்கும் பொதுவாகையால், கமராவின் பின்னால் ஒரு விளக்கை வைத்தாலே ஒளி எதிர்த் திசையில் பயணித்துப் படத்தைச் சுவரில் விழுத்தும். பால்டிமோரின் டேவிட் வுட்வார்ட் 1857இல் காப்புரிமை பெற்ற சூரியக் கமரா வெயிலையே விளக்காகக் கொண்டது. பிற்காலத்தில் அமெரிக்காவின் கிராஃப்லெக்ஸ் நிறுவனம் தன் கமராக்களின் பின்புறத்தில் பொருத்துவதற்கென்றே கிராஃப்லார்ஜர் என்னும் ஒளிப்பெட்டியை விற்றது. ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) கொழும்பில் உருவாக்கிய படங்கள் இன்றும் பேசப்படுவதற்கு, அச்சின்போதே தாளின் மேல் அவர் நிகழ்த்திய சோதனைகளும் காரணம் என்பதால், இருட்டறை வேலையைக் கமரா வேலைக்கு இரண்டாந்தரமாக எண்ணுவது பெரும் பிழை.

கமராவை மாற்றுவதென்று துணிந்தவர் முன் இரு வழிகள் உள்ளன: கமராவைத் தலைகீழாகத் தூணில் தொங்கவிட்டுக் கீழேயுள்ள பலகையில் படத்தை விழுத்துவது ஒன்று, மேசைமேல் கிடையாக வைத்துச் சுவரில் விழுத்துவது மற்றொன்று. கடையில் விற்கும் என்லார்ஜர் தூணில் நிற்பதால் தம்முடையதும் அப்படியே நிற்க வேண்டும் என்று கருதி, மாணவர் பெரும்பாலும் முதல் வழியையே நாடுகின்றனர். பார்வைக்கு அது தொழில்முறைக் கருவி போலத் தோன்றும். பெற்றோருக்கும் கொடுத்த பணத்துக்குக் கண்ணெதிரே ஒரு பொருள் நிற்பதாகத் திருப்தி ஏற்படும். ஆயினும் பெருவடிவக் கமராவுக்கு இது பொருந்தாத வழி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

பெருவடிவக் கமராவின் முன்சட்டம் தண்டவாளம் போன்ற ஒரு பாதையில் பற்சக்கரத்தால் முன்னும் பின்னும் நகர்கிறது. அதன் பாரத்தை அந்தப் பாதை கீழிருந்து தாங்குமாறே தச்சர் அதைச் செய்திருக்கிறார். கமராவைத் தலைகீழாக்கியதும் சட்டம், வில்லை, ஷட்டர் ஆகியவற்றின் பாரம் முழுவதும் பாதையின் நீளவாட்டில் இழுக்க, சிறு திருகாணியின் உராய்வு ஒன்றே அதைப் பிடித்து நிற்கிறது. நெகட்டிவை நான்கு மடங்கு பெரிதாக்கும்போது அந்தச் சட்டம் 1 மில்லிமீற்றர் வழுகினால், தெளிவான உருவம் தாளிலிருந்து ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் மேலே போய்விடும்; குவியம் சரிபார்த்த பின், தாளை எடுத்து வைக்கும் இடைவெளியிலேயே இந்த வழுகல் நிகழ்வதால், மாணவர் தம் கண்ணையும் வில்லையையும் குறைகூறிக்கொண்டு தாளை வீணாக்குகின்றார். ஆலப்புழையில் கருணாகரன் செய்த வாகீஸ்வரி போன்ற பழைய மரக் கமராக்களில் இந்தத் தேய்வு இன்னும் அதிகம். அவற்றைத் துளையிட்டுத் தூணில் பூட்டுவது ஒரு நல்ல பொருளைக் கெடுப்பதுமாகும். இதற்கு மேலாக, உயரத்தில் பாரம் ஏற்றிய தூண் எளிதில் ஆடும். கடற்காற்று கதவைத் தள்ளும் வீட்டில், இருபது வினாடி ஒளியூட்டலின்போது ஏற்படும் சிறு அசைவும் படத்தைக் கலைத்துவிடும். நெகட்டிவும் தாளும் தம் பாரத்தாலேயே தட்டையாகக் கிடக்கும் என்பது மட்டுமே இவ்வழியின் நன்மை.

கிடை முறையில் கமரா தான் பிறந்த நிலையிலேயே நிற்கிறது. இடம் போதாது என்ற அச்சமும் தேவையற்றது: 150 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய வில்லையால் 4×5 நெகட்டிவை 8×10 ஆக்க, வில்லையிலிருந்து நெகட்டிவுக்கு 22.5 சென்ரிமீற்றரும் தாளுக்கு 45 சென்ரிமீற்றருமே வேண்டும். 16×20 ஆக்குவதற்கும் மொத்தத் தூரம் ஒரு மீற்றரைத் தாண்டாது. சுவரில் ஒரு தகரத்தை அறைந்து தாளைக் காந்தத்தால் பிடிக்கலாம். நெகட்டிவை இரு கண்ணாடிகளுக்கிடையே வைக்க வேண்டியிருப்பதும், கரையோர ஈரக்காற்றில் அக்கண்ணாடியும் பிலிமின் பளபளப்பான பக்கமும் ஒட்டி நியூட்டன் வளையங்கள் என்னும் வரிகள் தோன்றுவதும் உண்மையே; அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொரசொரப்பான கண்ணாடியைப் பயன்படுத்தினால் அவை பெரும்பாலும் நீங்கும்.

விளக்கைப் பொறுத்தவரை, நெகட்டிவைவிடப் பெரிதான எல்.ஈ.டி. பலகையும் அதற்குச் சற்று முன்னே பால்நிற அக்ரிலிக் தகடும் போதும். சூடேறும் குமிழ் நெகட்டிவை வளைத்துவிடும். வில்லையில் ஒரு நுட்பம் உண்டு. கமரா வில்லை தூரத்துக் காட்சிக்கென்றும் என்லார்ஜர் வில்லை அருகிலுள்ள தட்டையான பரப்புக்கென்றும் வடிவமைக்கப்படுவதால், படமெடுத்த வில்லையையே பயன்படுத்துவோர் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினால் ஓரங்கள் தெளியும். இன்னும் சிறந்தது, அச்சகங்களில் தகடு எடுக்கும் கமராக்களில் ஒருகாலத்தில் பூட்டப்பட்டிருந்த அப்போ-ரோனார், ஜி-கிளாரோன் வகை வில்லை. ரோடகன், கொம்பொனன் போன்ற என்லார்ஜர் வில்லை கிடைத்தால் குறையே இல்லை.

இத்தனையும் கூடிய பின்னரும், இருட்டறை எல்லோருக்கும் உரியதன்று. கையில் நிதானமும், ஒரே படத்தைப் பலமுறை சலியாமல் அச்சிடும் மனமும், தன் பிழையைத் தானே அளந்து பார்க்கும் பழக்கமும் உள்ள பிள்ளையை இத்துறையில் விடலாம். கலியாண வீட்டுப் படத்தால் நாளையே வருமானம் வரவேண்டும் என்று அவசரப்படும் பிள்ளையைப் பெற்றோர் இங்கே தள்ளக் கூடாது, அவ்வாறே பொறுமையுள்ள பிள்ளையை இதிலிருந்து இழுக்கவும் கூடாது. கருவிக்கென ஒதுக்கிய பணத்தில் பாதியைத் தாளுக்குக் கொடுப்பது மேலானது, ஏனெனில் கை பழகுவது தாளில்தான்.

குறிஞ்சிப்பிட்டிக்கே உரிய ஒரு பொறுப்பும் உண்டு. கற்பிட்டித் தீபகற்பத்தின் குடிநீரும் தோட்டநீரும் மணலுக்குள் ஆழமின்றித் தேங்கும் நன்னீரே என்பதால், வெள்ளி கரைந்த ஃபிக்ஸரை, அதாவது படத்தை நிலைநிறுத்தும் கரைசலை, முற்றத்தில் ஊற்றக் கூடாது. எஃகுக் கம்பளியை அதில் ஊறவிட்டு வெள்ளியின் பெரும்பகுதியைப் படியச் செய்தபின் எஞ்சியதைப் போத்தலில் அடைத்து வைத்து, கழிவு ஏற்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

கமராவைக் கிடையாக நிறுத்திய பின் முதலில் செய்ய வேண்டியது ஒரு சோதனை. முற்றிலும் கறுத்த பிலிம் ஒன்றில் ஊசியாலும் அடிமட்டத்தாலும் செவ்வகம் ஒன்றைக் கீறி, அதைச் சுவரில் விழுத்தி, நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் வேறுபட்டால் நெகட்டிவ், வில்லை, சுவர் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று சரிந்திருக்கிறது. ரசமட்டத்தை வைத்துக் கமராவின் சாய்வுத் திருகுகளைப் பூச்சியத்தில் இறுக்கி, மேசையைச் சிறிது சிறிதாகத் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். வேறுபாடு 1 மில்லிமீற்றருக்குள் வந்தபின் தாள் பொதியைப் பிரிக்கலாம்.