வெள்ளருகின் கசப்பு: எது வரைக்கும் மருந்து?



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. ஒரு குழுவினர், "வெள்ளருகு நம்ம கண்மாய்க் கரையில நிறையக் கிடக்கு. பொடி பண்ணி, சர்க்கரை நோய் மருந்துன்னு பாக்கெட் போட்டு விக்கிறோம். கடன் தாங்க" என்று தீர்மானம் எழுதிக் கொண்டுவந்தார்கள்.

அதே கூட்டத்துக்கு வேறு குழுவின் உறுப்பினர் ஒருவர் வரவில்லை. விசாரித்தால், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள். சர்க்கரை நோய் உள்ளவர். வெள்ளருகு கஷாயம் குடிக்க ஆரம்பித்தவர், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் ரத்தப் பரிசோதனையும் செய்யவில்லை. காலில் செருப்பு கடித்த சின்னப் புண் ஆறவே இல்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"அப்போ அந்தச் செடி கெட்டதா அக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். செடி மேல் குற்றமில்லை. அதைப் பற்றி நமக்குப் பாதிதான் தெரியும், அதுதான் குற்றம். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த மாதப் பாடம்.

செடியை முதலில் அடையாளம் காண்போம்

பெயரில் அருகு இருக்கிறது என்பதற்காக இதை அருகம்புல்லோடு சேர்த்துவிடக் கூடாது. இது புல்லே இல்லை. தரிசு, வரப்பு, கண்மாய்க் கரை, கடலோர மணற்பாங்கு ஆகிய இடங்களில் தானாக வளரும் சிறு செடி. ஒரு சாண் முதல் இரண்டு சாண் உயரம் இருக்கும். தாவரவியலில் இதற்கு எனிகோஸ்டெமா ஆக்ஸில்லாரே என்று பெயர். குஜராத்தில் மாமேஜவோ என்கிறார்கள். இந்தியில் சோட்டா சிராயதா.

அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும்.
2. இலைக்குக் காம்பு கிடையாது. நீளமாக, ஒடுக்கமாக, தண்டோடு ஒட்டி நிற்கும். நீளவாக்கில் மூன்று நரம்புகள் தெரியும்.
3. இலை தண்டோடு சேரும் கக்கத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக இருக்கும்.
4. கிள்ளினால் பால் வராது.
5. வேர் முதல் பூ வரை எல்லாமே கசக்கும்.

ஐந்தும் பொருந்தினால்தான் பறிக்க வேண்டும். கசப்பை மட்டும் வைத்து முடிவு பண்ணக் கூடாது. முதல் நான்கும் சரியாக இல்லாத செடியை வாயிலேயே வைக்காதீர்கள். விஷச் செடிகளிலும் கசப்பு உண்டு.

கசப்புக் குடும்பம்

மனிதருக்குக் குடும்பம் இருப்பது போலச் செடிகளுக்கும் குடும்பம் உண்டு. வெள்ளருகின் குடும்பத்துக்கு ஜென்ஷியனேசியே என்று பெயர். உலகம் முழுவதும் 1,600-க்கும் மேற்பட்ட வகைகள் இதில் உள்ளன. பழைய காலத்தில் இல்லிரியா என்ற நாட்டை ஆண்ட ஜென்டியஸ் என்ற அரசர் பெயரால் ஜென்ஷியன் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த நாடு இன்றைய அல்பேனியா பக்கம் இருந்தது.

இந்தக் குடும்பத்தில் மருந்துக்குப் பேர்போன சிலவற்றைப் பார்ப்போம். இமயமலையில் சுமார் 1,200 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் வளர்வது சிராயதா. வடநாட்டில் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இதைக் காய்ச்சிக் குடிப்பார்கள். ஜப்பானில் இதன் உறவுக்காரச் செடிக்குச் செம்புரி என்று பெயர். ஆயிரம் தடவை வெந்நீரில் போட்டு எடுத்தாலும் கசப்புப் போகாது என்பது அந்தப் பெயரின் பொருள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மஞ்சள் ஜென்ஷியன் இருக்கிறது. அதன் வேரைப் பசி எடுக்கும் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு செய்தி. அதே ஆல்ப்ஸ் மலையில் வெராட்ரம் என்ற விஷச் செடியும் வளர்கிறது. பூ இல்லாத காலத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஜென்ஷியன் என்று நினைத்து வெராட்ரத்தைப் பிடுங்கி வீட்டில் பானம் தயாரித்துக் குடித்தவர்கள் வாந்தி எடுத்து, நாடித் துடிப்பு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இலையில்தான் இருக்கிறது. ஜென்ஷியனுக்கு இலை எதிரெதிராக ஜோடியாக இருக்கும். வெராட்ரத்துக்கு ஒன்று மாற்றி ஒன்று இருக்கும். பரம்பரையாகப் பறிக்கிற ஊரிலேயே இப்படி நடக்கிறது என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நிலவேம்பு இந்தக் குடும்பமா?

இல்லை. இதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது நினைவிருக்கும். அந்த நிலவேம்பு வேறு குடும்பம். கனகாம்பரம், ஆடாதோடை எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். அதன் கசப்புப் பொருளுக்கு ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று பெயர். அது வெள்ளருகில் உள்ள பொருள் அல்ல.

குழப்பத்துக்குக் காரணம், சிராயதாவையும் சில இடங்களில் நிலவேம்பு என்றே சொல்கிறார்கள். சிராயதா விலை கூடுதல் என்பதால் அதில் நிலவேம்பைக் கலந்து விற்பதும் நடக்கிறது. ஆகவே கடையில் வாங்கும்போதும் சரி, கொடுக்கும்போதும் சரி, பெயரை மட்டும் சொல்லாமல் செடியைக் காட்டிப் பேசுங்கள்.

இன்னொன்று. வாய்ப்புண்ணுக்கும் தோல் புண்ணுக்கும் தடவும் ஊதா மருந்துக்கு ஜென்ஷியன் வயலட் என்று பெயர். அது ஆலையில் செய்யும் சாயம். ஜென்ஷியன் பூவின் நிறம் போல இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. செடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கசப்புக்குள் என்ன இருக்கிறது?

மிளகாய்க்குக் காரம் தருவதற்கு ஒரு பொருளும், மஞ்சளுக்கு நிறம் தருவதற்கு ஒரு பொருளும் இருப்பது போல, வெள்ளருகின் கசப்புக்கும் ஒரு பொருள் உண்டு. அதன் பெயர் சுவெர்ஷியாமரின். இது தண்ணீரில் கரையும். அதனால்தான் கஷாயம் வைத்தால் கசப்பு முழுவதும் தண்ணீருக்கு இறங்கிவிடுகிறது. நாம் குடித்த பிறகு குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இதை ஜென்ஷியனின் என்ற வேறு பொருளாகவும் மாற்றுகின்றன.

மஞ்சள் ஜென்ஷியன் வேரில் ஜென்ஷியோபிக்ரோசைடு என்ற கசப்புப் பொருள் அதிகம். அதிலும் சிராயதாவிலும் அமரோஜென்டின் என்று ஒன்று கொஞ்சமாக இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் கசப்புப் பொருள்களில் மிகக் கடுமையானவற்றில் இதுவும் ஒன்று. ஒரு பங்கை 5 கோடியே 80 லட்சம் பங்கு தண்ணீரில் கரைத்தாலும் நாக்குக்குக் கசப்புத் தெரியும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம், 58,000 லிட்டர் தண்ணீரைக் கசக்க வைக்கும். நம் ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய இரண்டு தொட்டித் தண்ணீர்!

கசப்பு எப்படி வேலை செய்கிறது? நாக்கில் கசப்பை உணரும் நுண்ணிய ஏற்பிகள் இருக்கின்றன. கசப்பு பட்டவுடன் எச்சில் ஊறுகிறது, இரைப்பையில் செரிமான நீர் சுரக்கிறது, பசி எடுக்கிறது. அதனால்தான் கசப்பு மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பது வழக்கம். "கசப்பே தெரியாம முழுங்கிட்டேன்" என்றால் பசி தூண்டும் பலனில் பாதி போய்விடும்.

வெள்ளருகை அரைத்துச் சொறி, சிரங்கு, அரிப்புக்குப் பூசிக் குளிப்பதும், காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பதும் நம் பாட்டிமார் வழக்கம். இப்போது பெரிய கேள்விக்கு வருவோம்.

சர்க்கரைக்கு ஆகுமா?

குஜராத்தில் வடோதராவில் உள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு வெள்ளருகுச் சாற்றைக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்தது. கணையத்திலிருந்து இன்சுலின் சுரப்பது கூடியது. 2004-ல் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு வெள்ளருகு மாத்திரை கொடுத்துப் பார்த்ததிலும் பலன் தெரிந்ததாக எழுதினார்கள்.

ஆகவே பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் எலிக்குக் குறைந்தது என்பதும், சிலருக்குச் சில வாரம் பார்த்தது என்பதும் வேறு. ஆயிரக்கணக்கானவர்களிடம் பல வருடம் சோதித்துக் கொடுக்கும் மாத்திரை வேறு. மாத்திரையில் மருந்து எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் எழுதியிருக்கும். நாம் பறிக்கும் ஒரு பிடி வெள்ளருகில் எவ்வளவு சுவெர்ஷியாமரின் இருக்கிறது? மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம், காய வைக்கும் விதத்துக்கு விதம் மாறும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மாத்திரையும் போட்டு, யாரிடமும் சொல்லாமல் கஷாயமும் குடித்தால் சிலருக்குச் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், வெள்ளருகு துணைக்கு வரலாம், மாத்திரையின் இடத்துக்கு வரக் கூடாது. குடிக்க விரும்பினால் அரசு சித்த மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை தரும் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு நாமாகக் கொடுக்கக் கூடாது. இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கும் வேண்டாம். செரிமான நீர் கூடச் சுரந்தால் புண் எரியும்.

பாம்புக்கடிக்கு வெள்ளருகு கொடுப்பது சில ஊர்களில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் கடித்தால் விஷமுறிவு ஊசி போட்டால்தான் பிழைக்க முடியும். கஷாயம் காய்ச்சும் நேரத்தில் உயிர் போய்விடும்.

பறிப்பது எப்படி?

வேரோடு பிடுங்காதீர்கள். வேர் இருந்தால் வெள்ளருகு அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். தரைக்கு மேல் இரண்டு விரல் விட்டு அரிவாளால் அறுங்கள். ஒரு இடத்தில் மூன்று செடி இருந்தால் ஒன்றை விதைக்கு விட்டுவிடுங்கள். சிராயதாவை இமயமலையில் வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, இன்றைக்குப் பல இடங்களில் காண்பதே அரிதாகிவிட்டது. குர்ரூ ஜென்ஷியன் என்ற இன்னொரு இமயமலைச் செடி அழிவின் விளிம்பில் இருக்கிறது. நம் கண்மாய்க் கரைக்கு அந்த நிலை வரக் கூடாது.

பூச்சிமருந்து அடித்த வயல் ஓரம், சாக்கடை ஓரம், வண்டிப் புகை படும் ரோட்டோரம் ஆகிய இடங்களில் பறிக்க வேண்டாம். மண் போக அலசி, நிழலில் பரப்பிக் காய வையுங்கள். முழுவதும் காயாமல் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். சாக்கின் மேல் செடியின் பெயர், பறித்த ஊர், தேதி மூன்றையும் எழுதிக் கட்டுங்கள். காப்புக் காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

விற்கலாமா?

காய்ந்த மூலிகையாக நாட்டு மருந்துக் கடைக்கும், மருந்து தயாரிப்பவர்களுக்கும் கொடுக்கலாம். அதையே மருந்து என்று பொடியாக்கிப் பாக்கெட் போட்டு விற்பது வேறு விஷயம். 1940-ஆம் வருட மருந்துகள் சட்டப்படி சித்த மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. பாக்கெட்டில் அச்சடித்தாலும், நோட்டீஸ் ஒட்டினாலும் குற்றம்தான். கடனும் வாங்கி வழக்கும் வாங்கினால் சேமிப்பெல்லாம் கரைந்துபோகும்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு குழுவும் ஒரு வெள்ளருகுச் செடியைக் கொண்டுவந்து, ஐந்து அடையாளங்களையும் எல்லோரும் பார்க்கச் செய்யுங்கள்.
2. குழுவில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்கு ஒருவரை அனுப்புங்கள்.
3. மாத்திரையை நிறுத்தியவர் யாராவது இருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேளுங்கள்.
4. உங்கள் ஊரில் வெள்ளருகு எங்கெங்கே இருக்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

கடன் கேட்டு வந்த குழுவினர் தீர்மானத்தைத் திருத்தி எழுதிவிட்டார்கள். இப்போது அவர்கள் கேட்பது பாக்கெட் மெஷின் இல்லை. நிழலில் காய வைக்கத் தார்ப்பாயும், எடை போடத் தராசும்தான். ஆஸ்பத்திரியில் இருந்த சகோதரி வீடு திரும்பிவிட்டார். இந்தப் பாடத்தை எழுதுகிறோம் என்று சொன்னதும், "என் கதையைப் போடுங்க, பேரு மட்டும் வேண்டாம். இன்னொருத்தி காலாவது தப்பிக்கட்டும்" என்றார். அவர் சொன்னபடியே போட்டிருக்கிறோம்.