தகரக் கூரைக்கடியில் எதை வைக்கலாம்?

கேள்வி: எஸ்டேட் வீட்டிலிருந்து வந்த பெற்றோரின் பொருள்கள் ஏராளம். கார் கொட்டகைக் கூரைக்கடியில் பரண் அடித்து வைத்துவிடலாமா?
– வாசகி, சித்தியவான்

பதில்: பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் பானைகள், அம்மிக்கல் இவற்றைத் தாராளமாக வையுங்கள், பலகை எடை தாங்கினால் போதும். மற்றவற்றுக்கு அந்த இடம் ஆகாது.

சித்தியவானில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி. வெயில் ஏறிய தகரத்துக்கு நேர் கீழே அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். வெப்பத்தோடு ஈரமும் சேர்வதுதான் பெரிய கேடு. மழை இரவில் தகரம் சட்டெனக் குளிர்ந்து, அடிப்பக்கத்தில் நீர் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டும். ஆல்பத்தில் படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும்; பிரித்தால் முகம் உரிந்து வரும். இசைத்தட்டு வளையும், கேசட் நாடா கெடும், பட்டுச்சேலையில் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியோ கறையானுக்கு விருந்து.

கொசு மருந்து ஸ்பிரே டின்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றே அச்சிட்டிருக்கும். அவற்றையும் கேஸ் தோம்பு, பெயிண்ட், பவர் பேங்க் எதையும் மேலே ஏற்றாதீர்கள். வெடிக்கும், தீப்பிடிக்கும்.

எனக்குப் பெரிய கவலை பத்திரங்கள் பற்றியது. தோட்டக் காலத்துப் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பழைய அடையாள அட்டை இல்லாமல் குடியுரிமைக்கு அல்லாடும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. அவற்றை வீட்டுக்குள், படுக்கையறை அலமாரியில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பரணில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள்.