குடும்பத்தோடு வெளிநாடு போகுமுன் கரண்ட் பில்லையும் கணக்குப் பாருங்கள்

வெளிநாட்டில் தொழில் பார்க்கும் நமது சகோதரர்கள் பலர் ஒரு கட்டத்தில் மனைவி மக்களையும் அங்கே அழைத்துக் கொள்ள விரும்புகிறார்கள். அப்போது சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் ஆகிய மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். கரண்ட் பில்லை மட்டும் "அது சின்னச் செலவுதானே" என்று விட்டுவிடுவார்கள். அழைத்துச் சென்ற குடும்பத்தை ஒரே வருடத்தில் திருப்பி அனுப்புபவர்களிடம் கேட்டால், இப்படி எழுதாமல் விட்ட சின்னச் செலவுகளே கையைக் கடித்தன என்பார்கள். எனவே இவ்வாரம் இந்த ஒரு செலவை எவ்வாறு முன்கூட்டியே கணக்கிடுவது என்று பார்ப்போம்.

முதலாவது பாடம்: யூனிட் விலையை மாத்திரம் ஒப்பிடக் கூடாது.

பலர் செய்யும் கணக்கு இதுதான்: "இங்கே ஒரு யூனிட் இவ்வளவு, அங்கே ஒரு யூனிட் இவ்வளவு, ஆகவே அங்கே மலிவு." ஒரு மூடை அரிசியின் விலையைக் கேட்டுவிட்டு, மாதத்துக்கு எத்தனை மூடை தேவை என்று கேட்காமல் இருப்பது போன்றது இது. பில்லைத் தீர்மானிப்பது விலையும் பாவனையும் சேர்ந்துதான்.

நமது நாட்டில் நடுத்தரக் குடும்பம் ஒன்று மாதம் 120 யூனிட் பாவிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மின்விசிறி, பிரிட்ஜ், தொலைக்காட்சி, அயன், மின்குமிழ்கள் - இவ்வளவுதான். இதே குடும்பம் டுபாயில் இரண்டு அறை வீட்டில் குடியேறினால், கோடையில் ஏ.சி. இல்லாமல் இருக்க முடியாது. ஒன்றரை தொன் ஏ.சி. ஒன்று, நின்று நின்று இயங்குவதையும் கணக்கில் எடுத்தால், மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுக்கும் எனக் கொள்ளலாம். இரண்டு ஏ.சி.க்கள் நாளொன்றுக்கு 18 மணி நேரம் வேலை செய்தால் 36 யூனிட். மாதம் 1,080 யூனிட். ஏனைய பாவனைக்கு 300 யூனிட் சேர்த்தால் 1,380. அதாவது இங்கே பாவித்ததைப் போல் பதினொரு மடங்குக்கும் அதிகம்.

இரண்டாவது பாடம்: கட்டணப் படிகளையும் மேலதிக வரிகளையும் சேருங்கள்.

டுபாயில் வீட்டுப் பாவனைக்கு முதல் 2,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 23 பில்ஸ். அதற்கு மேல் 28, 32, 38 என்று படிப்படியாக உயரும். இதன் மேல் எரிபொருள் மேலதிகக் கட்டணம் ஒன்று உண்டு. அது மாறக்கூடியது, நமது கணக்குக்கு 6 பில்ஸ் என எடுப்போம். 2018 ஜனவரி முதல் 5 வீத வெட் வரியும் சேர்கிறது.

1,380 யூனிட்டுக்கு 23 பில்ஸ் வீதம் 317.40 திர்ஹம். எரிபொருள் கட்டணம் 82.80. இரண்டும் 400.20. வெட் சேர்த்தால் சுமார் 420 திர்ஹம். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 பில்ஸ், அதாவது 8 அமெரிக்க சதம் மட்டில் வருகிறது. நமது நாட்டில் 180 யூனிட்டுக்கு மேல் பாவிக்கும் வீட்டின் கடைசி யூனிட்டோடு ஒப்பிட்டால் இது மலிவுதான். ஆனால் கட்ட வேண்டிய தொகை மலிவல்ல.

குளிர்காலத்தில் நிலைமை மாறும். ஏ.சி. ஓய்ந்து 350 யூனிட்டில் மாதம் போனால் பில் சுமார் 107 திர்ஹம். எனவே ஏழு மாதம் 420, ஐந்து மாதம் 107 என்று போட்டு வருடத்துக்கு 3,475 திர்ஹம், மாதச் சராசரி சுமார் 290 திர்ஹம் எனக் கணக்கிடுங்கள். ஜனவரியில் போய் இறங்கியவர் முதல் பில்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

மூன்றாவது பாடம்: ஒரே பில்லில் வேறு என்னென்ன வருகின்றன என்று கேளுங்கள்.

டுபாயில் மின்சார நீர் அதிகார சபையின் பில்லில் தண்ணீர், கழிவுநீர் கட்டணங்களோடு வீட்டுக் கட்டணம் என்ற ஒன்றும் வரும். அது வருட வாடகையில் 5 வீதம். பன்னிரண்டாகப் பிரித்து மாதாந்தம் அறவிடப்படும். வருட வாடகை 48,000 திர்ஹம் என்றால் மாதம் 200 திர்ஹம். ஆகவே கோடையில் தண்ணீருக்கு முன்பே 620 திர்ஹம் ஆகிவிடுகிறது. புதிதாக இணைப்பு எடுக்கும்போது தொடர்மாடி வீட்டுக்கு 2,000 திர்ஹமும், தனி வில்லாவுக்கு 4,000 திர்ஹமும் வைப்புப் பணம் கட்ட வேண்டும். கணக்கை மூடும்போது இது திரும்பக் கிடைக்கும். ஆனாலும் முதல் மாதம் கையில் இருக்க வேண்டிய காசு அது.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "ஏ.சி. குளிர் யார் பொறுப்பு?" சில கட்டடங்களில் குளிரூட்டல் செலவு வாடகையில் அடக்கம், இதனை அங்கே "சில்லர் ப்ரீ" என்பார்கள். வேறு கட்டடங்களில் குளிர்நீர் வழங்கும் தனிக் கம்பனிக்குத் தனி பில். அதில் நீங்கள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணமும் இருக்கலாம். வாடகை சற்றுக் கூடிய "சில்லர் ப்ரீ" வீடு, வாடகை குறைந்த வீட்டை விட முடிவில் மலிவாக அமைவதுண்டு.

நான்காவது பாடம்: ரூபாவில் மாற்றிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

2022இன் ஆரம்பத்தில் டொலர் சுமார் 200 ரூபா. சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. டுபாயின் அதே 420 திர்ஹம் பில், முன்னையதில் சுமார் 22,900 ரூபா, பின்னையதில் சுமார் 41,200 ரூபா. அங்கே இருப்பவருக்கு எதுவும் மாறவில்லை. நமது நாட்டுக் கட்டணமும் நிலையாக நின்றதில்லை. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தது, 2024இல் குறைந்தது, 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கி ஜூனில் 15 வீதம் ஏறியது. எனவே பில் என்பது சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். 7,000 திர்ஹம் சம்பளத்தில் வாடகை 4,000 போனால் மிச்சம் 3,000. அதில் 620 என்பது ஐந்தில் ஒன்றுக்கும் அதிகம். குடும்ப விசாவுக்கு 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் போதும் என்று 2019இல் சட்டம் வந்தது. அது விசாவுக்கான எல்லை. குடும்பம் நடத்துவதற்கான எல்லை அல்ல.

ஐந்தாவது பாடம்: ஒரு செலவு குறைந்தால் வேறு செலவு கூடுகிறதா என்று பாருங்கள்.

சவூதி அரேபியாவில் 2018 முதல் 6,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 18 ஹலலா. மேலே சொன்ன 1,380 யூனிட்டுக்கு 15 வீத வெட் சேர்த்து சுமார் 286 ரியால்தான். டொலரில் டுபாய் பில் 114, சவூதி பில் 76. ஆனால் அங்கே குடும்பத்தவர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம், ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியால் ஆனது. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். கரண்டில் மிச்சம் பிடித்தது எங்கே போகிறது என்று பாருங்கள்.

பிரித்தானியாவுக்குப் போவோருக்கோ குளிர்காலம்தான் செலவு. அங்கே எரிவாயு பில்லும் உண்டு. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளாந்த நிலையான கட்டணமும் உண்டு. 2019 முதல் உள்ள விலை உச்சவரம்பு யூனிட் விலைக்கும் நாளாந்தக் கட்டணத்துக்கும்தான். உங்கள் மொத்த பில்லுக்கு அல்ல.

சாமான் கொண்டு போவோருக்கும் ஒரு வார்த்தை. இலங்கையிலும் அமீரகத்திலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், சவூதியில் 60. இங்கு வாங்கிய மோட்டார் உள்ள சாமானை அங்கே போட்டால் வேகம் மாறும், சூடேறும். கைத்தொலைபேசி சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை. கிரைண்டர், பிரிட்ஜ் போன்றவற்றைச் சுமந்து செல்லாமல் அங்கேயே வாங்குவது இலாபம்.

முடிவாக, பயணத்தைத் தீர்மானிக்குமுன் நீங்கள் குடியேறப்போகும் அதே கட்டடத்தில் இருக்கும் ஒருவரிடம் ஓகஸ்ட் மாத பில் ஒன்றையும் ஜனவரி மாத பில் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். யூனிட், கட்டணம், வரி, வீட்டுக் கட்டணம், குளிர்நீர், வைப்புப் பணம் என்று ஆறு வரி எழுதுங்கள். தொழில் ஒப்பந்தத்தில் "தங்குமிடம் இலவசம்" என்றிருந்தால் கரண்டும் தண்ணீரும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தை மனைவியோடு சேர்ந்திருந்து பாருங்கள். ஏ.சி.யை எத்தனை மணி நேரம் போடுவது என்று அந்த வீட்டில் தீர்மானிக்கப் போவது அவரும்தான்.