வகுப்புக்கு ஒரு வலைப்பூ: பாதுகாப்பாக நடத்துவது எப்படி?

முன்பெல்லாம் பள்ளிகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்கள். எழுத வரும் மாணவர் கதை எழுதுவார். படம் வரையத் தெரிந்தவர் அட்டைப்படம் போடுவார். தமிழாசிரியர் பிழை திருத்தித் தருவார். இருப்பது ஒரே பிரதிதான். அது வகுப்பைச் சுற்றி வந்து, தாள் கிழியும் வரை படிக்கப்படும்.

அந்த வேலையை இன்று வகுப்பு வலைப்பூ செய்கிறது. பிளாக், வலைப்பதிவு என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான். கையெழுத்துப் பத்திரிகையை வகுப்பிலுள்ள 40 பேர் படித்தார்கள். வலைப்பூவையோ இணையத் தொடர்புள்ள யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிப்பவர் யார் என்பது நமக்குத் தெரியாது.

இதற்குப் பயந்து ஒதுங்கத் தேவையில்லை. யாரை உள்ளே விடுவது, எதை வெளியிடுவது என்று தீர்மானிக்கும் வசதிகள் வலைப்பூ மென்பொருளிலேயே உள்ளன. அவற்றை அமைக்கும் முறையையும், மாணவர்கள் பழக வேண்டிய சில ஒழுங்குகளையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எந்தத் தளத்தில் தொடங்கலாம்?

1999-ல் வந்த பிளாக்கர் எளிமையானது. 2003-ல் கூகுள் நிறுவனம் இதை வாங்கியது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், செலவில்லாமல் தொடங்கிவிடலாம். வேர்ட்பிரஸ் 2003-ல் வெளியானது. வசதிகள் அதிகம், கற்கச் சற்று நேரம் பிடிக்கும். பள்ளிகளுக்கென்றே 2005-ல் தொடங்கப்பட்ட எடுபிளாக்ஸ் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது.

ஒரு பள்ளி மாணவி சொல்லித்தந்த பாடம்

ஸ்காட்லாந்தில் 9 வயது மாணவி ஒருவர் 2012 ஏப்ரல் இறுதியில் "நெவர் செகண்ட்ஸ்" என்ற வலைப்பூவைத் தந்தையின் உதவியோடு தொடங்கினார். பள்ளியில் தரும் மதிய உணவைப் படம் எடுத்துப் போட்டு, சுவைக்கு இத்தனை மதிப்பெண், மொத்தம் இத்தனை வாய் உணவு என்று எழுதினார். தன் பெயரைப் போடாமல் "வெஜ்" என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார்.

சில வாரங்களிலேயே வலைப்பூ உலகப் புகழ் பெற்றது. ஜூன் 14-ல் உள்ளாட்சி மன்றம் பள்ளியில் படம் எடுக்கத் தடை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே மறுநாளே தடை நீங்கியது. ஏழை நாட்டுக் குழந்தைகளின் உணவுக்காக இந்த வலைப்பூ வழியாகத் திரண்ட நிதி 1 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. படத்தில் இருந்தது உணவுத் தட்டு. பக்கத்தில் ஒரு பெரியவர் துணை இருந்தார். குறை சொன்னபோதும் யாரையும் திட்டாமல் அளந்து எழுதினார். இன்னொன்றும் உண்டு. புனைபெயரில் எழுதியும் சிறுமியின் உண்மைப் பெயர் செய்தித்தாள்களில் வந்துவிட்டது. எனவே புனைபெயர் ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கணக்கு யார் பெயரில்?

வகுப்பு ஆசிரியர் பெயரில் இருக்கட்டும். கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்கப் பெரும்பாலான நாடுகளில் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டுக் குழந்தைக்குக் கணக்குத் தொடங்கித் தராதீர்கள். இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே கருதுகிறது. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

எனவே தொடங்கும் முன் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. அந்தத் தாளில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். குழந்தை எழுதியதை வெளியிடலாமா? குழந்தையின் படத்தை வெளியிடலாமா? முதல் கேள்விக்குச் சம்மதிக்கும் பெற்றோர் இரண்டாவதற்கு மறுக்கலாம். அது அவர்களின் உரிமை.

இன்னொரு ஆசிரியரையும் நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாறுதலாகிப் போனாலும் சாவி பள்ளியிலேயே இருக்கும். பாஸ்வேர்டை மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

பிளாக்கரில் போட வேண்டிய பூட்டுகள்

பிளாக்கரில் நுழைந்து, இடப்பக்கப் பட்டியலில் செட்டிங்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். பிறகு கீழே உள்ளபடி செய்யவும்.

1. பெர்மிஷன்ஸ் பகுதியில் ரீடர் ஆக்சஸ் என்று இருக்கும். பப்ளிக் என்றால் எல்லாரும் படிக்கலாம். பிரைவேட் டு ஆதர்ஸ் என்றால் எழுதுபவர்கள் மட்டும் படிக்கலாம். கஸ்டம் ரீடர்ஸ் என்றால் நீங்கள் அழைப்பவர்கள் மட்டும் படிக்கலாம். புதிதாகத் தொடங்கும் வகுப்புக்கு மூன்றாவதே ஏற்றது. பெற்றோரின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேருங்கள். 100 பேர் வரை சேர்க்கலாம்.

2. பிரைவசி பகுதியில் விசிபிள் டு செர்ச் எஞ்சின்ஸ் என்பதை நிறுத்தி வையுங்கள். தேடுதளங்கள் உங்கள் வலைப்பூவைத் தம் பட்டியலில் சேர்க்காமல் இருக்க இது உதவும். ஆனால் இது பூட்டு ஆகாது. முகவரி தெரிந்தவர் அப்போதும் படிக்கலாம். முதல் படியில் செய்ததுதான் உண்மையான பூட்டு.

3. காமென்ட்ஸ் பகுதியில், யார் பின்னூட்டம் இடலாம் என்ற இடத்தில் வலைப்பூ உறுப்பினர்கள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து காமென்ட் மாடரேஷன் என்பதில் ஆல்வேஸ் கொடுங்கள. இதைத் தமிழில் மட்டுறுத்தல் என்பார்கள். ஒவ்வொரு பின்னூட்டமும் நிர்வாகி பார்த்து அனுமதித்த பிறகே வெளியே தெரியும்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாக்கரில் ஒருவரை ஆதர் ஆகச் சேர்த்துவிட்டால், அவர் எழுதியதை அவரே உடனே வெளியிட முடியும். வேர்ட்பிரஸில் கான்ட்ரிபியூட்டர் என்ற நிலை உண்டு. அந்த நிலையில் உள்ளவர் எழுதி வைக்கலாம், வெளியிட முடியாது. படங்களையும் ஏற்ற முடியாது. ஆசிரியர் படித்துப் பார்த்து வெளியிட வேண்டும். மாணவர்களே கம்ப்யூட்டரில் எழுதிப் பழக வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் முறை நல்லது. பிளாக்கரில் நடத்துவதாக இருந்தால், மாணவர்கள் எழுதித் தருவதை வாங்கி ஆசிரியரே இடுகையாகப் போடட்டும்.

துண்டு துண்டாகக் கசியும் தகவல்

வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் எழுதக் கூடாது என்பது குழந்தைகளுக்கே தெரியும். ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது.

ஒரு மாணவி திங்கட்கிழமை, தனக்குப் பிடித்த பச்சை நிறச் சீருடையைப் பற்றி எழுதுகிறாள். இரண்டு வாரம் கழித்து, புதன்கிழமைதோறும் பாட்டு வகுப்புக்குப் போவதாக எழுதுகிறாள். அடுத்த மாதம், பாட்டு வகுப்பு முடிந்து கோயில் தெரு வழியாகத் தனியாக நடந்து வருவதைச் சொல்கிறாள். ஒவ்வொரு இடுகையும் தனியாகப் பார்த்தால் சாதாரணமானது. மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு, அந்தக் குழந்தை எந்த நாளில், எந்தத் தெருவில், என்ன உடையில், யார் துணையும் இல்லாமல் இருப்பாள் என்று தெரிந்துவிடும்.

ஆகவே சரிபார்க்கும் ஆசிரியரும் பெற்றோரும் புதிய இடுகையை மட்டும் பார்த்தால் போதாது. அதே குழந்தை முன்பு எழுதியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர், இடம், நேரம் ஆகிய மூன்றும் ஒரே குழந்தையைப் பற்றி ஒன்றுசேரக் கூடாது. மாணவருக்கு ஒரு புனைபெயர் கொடுங்கள். சுற்றுலா பற்றிய கட்டுரையைப் போய்வந்த பிறகு வெளியிடுங்கள்.

படங்களில் கவனிக்க வேண்டியவை

முகம் தெரியும் படங்களைத் தவிர்ப்பதே நல்லது. ஒரு முகப் படம் கிடைத்தால் அதை வைத்துப் பொய்யான படம் உருவாக்கும் மென்பொருள்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. மாணவர் வரைந்த ஓவியம், செய்த பொம்மை, அறிவியல் மாதிரி ஆகியவற்றைப் படம் எடுங்கள். சட்டையில் உள்ள பள்ளிச் சின்னமும், பின்னால் உள்ள பெயர்ப் பலகையும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் எடுத்த படத்துக்குள், அது எடுக்கப்பட்ட இடமும் பதிவாகி இருக்கலாம். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் சென்று, டீடெயில்ஸ் பகுதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் என்ற தலைப்பு இருந்தால் இடம் பதிவாகி உள்ளது என்று பொருள். கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்டீஸ் அண்ட் பர்சனல் இன்ஃபர்மேஷன் என்பதைக் கிளிக் செய்து அதை நீக்கிவிடலாம். ஃபைலின் பெயரையும் பாருங்கள். மாணவர் பெயரையே ஃபைலுக்கு வைத்திருந்தால், ஓவியம் 1, ஓவியம் 2 என்று மாற்றிய பிறகு ஏற்றுங்கள்.

பிறர் எழுதியது, பிறரைப் பற்றி எழுதுவது

இணையத்தில் கிடைக்கும் படமும் கட்டுரையும் பொதுச் சொத்து அல்ல. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. படம் வேண்டுமானால் மாணவர்களே வரையலாம். இல்லாவிட்டால் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடி, அங்கே சொல்லியுள்ள நிபந்தனைப்படி எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

தோழனைப் பற்றி எழுதினால், வெளியிடும் முன் அவனிடம் காட்ட வேண்டும். பின்னூட்டம் எழுதும்போது வெறுமனே "சூப்பர்" என்று போடாமல், எந்த வரி பிடித்தது, எது புரியவில்லை என்று எழுதப் பழக்குங்கள். நேரில் சொல்லக் கூசுவதை விசைப்பலகையிலும் தட்டக் கூடாது.

தவறு நேர்ந்துவிட்டால்

இடுகையை அழிப்பது எளிது. அதற்குள் யாராவது நகல் எடுத்திருந்தால் அதை நம்மால் அழிக்க முடியாது. வேபேக் மெஷின் போன்ற தளங்களும் திறந்த வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கின்றன. கூடாத தகவல் வெளியாகிவிட்டால் உடனே நீக்கி, பெற்றோருக்குத் தெரிவியுங்கள்.

மிரட்டலோ ஆபாசமோ பின்னூட்டமாக வந்தால் பதில் எழுத வேண்டாம். நீக்கும் முன் பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்திப் படமாகச் சேமித்து வையுங்கள். அதுதான் சாட்சி. குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கான எண் 1930. சொன்னால் கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தே பல குழந்தைகள் மறைப்பார்கள். சொல்லும் குழந்தையைத் திட்டாதீர்கள்.

கல்வி ஆண்டு முடிந்ததும், செட்டிங்ஸ் பகுதியில் உள்ள பேக்அப் கன்டென்ட் மூலம் அனைத்தையும் சேமித்துக்கொண்டு, ரீடர் ஆக்சஸை பிரைவேட் டு ஆதர்ஸ் என மாற்றிவிடுங்கள். கவனிப்பார் இல்லாத வலைப்பூவைத் திறந்து வைக்கக் கூடாது.

செய்து பாருங்கள்

இந்தப் பத்தியை உங்கள் பிள்ளையிடம் கொடுத்து, வெளியிடக் கூடாதவற்றை அடிக்கச் சொல்லுங்கள்:

"நான் 7-பி வகுப்பில் படிக்கிறேன். தினமும் 4.20 பஸ்ஸில் தனியாக வீட்டுக்குப் போவேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு நாவல் மரம் இருக்கிறது. பழம் பழுத்தால் கிளிகள் வந்துவிடும். அவை பாதி கொத்திப் போடும் பழத்தை எறும்புகள் இழுத்துப் போகும்."

வகுப்பு, பஸ் நேரம், தனியாகப் போவது, பஸ் ஸ்டாப் ஆகியவை போக வேண்டும். அடித்த பிறகு மீதியைப் படித்துப் பாருங்கள். மரம், கிளி, எறும்பு மூன்றும் அப்படியே இருக்கின்றன. பாதுகாப்புக்காக நாம் எடுத்தவற்றால் கட்டுரை எதையும் இழக்கவில்லை. இதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டால், அடுத்த முறை யாரும் சொல்லாமலே சரியாக எழுதுவாள்.